ஒன்பது உணவு, ஒரே பாக்கெட்: குழந்தைக்கான அலர்ஜி தடுப்புப் பொடி எப்படி இருக்கிறது?

வேர்க்கடலை, முட்டை, பால், கோதுமை, சோயா, எள், மீன், முந்திரி, பாதாம். இந்த ஒன்பதையும் பொடியாக்கி ஒரே பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். திட உணவு ஆரம்பிக்கும் குழந்தைக்கு தினமும் ஒரு பாக்கெட்டைக் கூழில் கலந்து கொடுத்தால் பின்னாளில் உணவு அலர்ஜி வராமல் தடுக்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. என் இளைய மகனுக்காக வாங்கினேன். பாதிப் பெட்டி தீர்ந்த நிலையில் நிறுத்திவிட்டேன். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் தருகிறேன். அந்த இரண்டரையும் யோசனைக்குத்தான். யோசனைக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சி அசலானது. அந்த ஆராய்ச்சியில் குழந்தைகளுக்கு என்ன கொடுத்தார்களோ அது இந்தப் பாக்கெட்டில் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூத்தவளுக்கு வேர்க்கடலை அலர்ஜி. கடுமையான அலர்ஜி வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசி இல்லாமல் அவள் எங்கும் போவதில்லை. பிறந்தநாள் விழா என்றால் கேக்கில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைத் தொடுவாள். தம்பிக்கு மூன்று மாதத்திலேயே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய், வந்துவிட்டது. சின்ன வயதிலேயே வரும் எக்ஸிமாதான் உணவு அலர்ஜிக்கு மிகப்பெரிய முன்னறிகுறி. எனவே இவனுக்காவது தடுக்க வழி உண்டா என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பெட்டி கண்ணில் பட்டது.

பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கிறது: 80 சதவீதம். அலர்ஜி அபாயம் அவ்வளவு குறையும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நானும் முதலில் அங்கேதான் நின்றேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு ஒரு வயது வரை பசும்பால் வேண்டாம், இரண்டு வயது வரை முட்டை வேண்டாம், மூன்று வயது வரை வேர்க்கடலையும் மீனும் வேண்டாம் என்று அறிவுரை சொன்னது. தள்ளிப்போட்டால் தப்பிக்கலாம் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அதற்கு வலுவான ஆதாரம் எதுவும் இல்லை. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டார்கள். ஆனாலும் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் 'மூணு வயசு வரைக்கும் கடலை கொடுக்காதீங்க' என்ற பேச்சு ரொம்ப வருஷம் ஓயவில்லை.

அதே 2008-இல் லண்டனில் கிடியன் லேக் என்ற மருத்துவரின் குழு ஒரு விஷயத்தைக் கவனித்து வெளியிட்டது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டால், வேர்க்கடலை அலர்ஜி பிரிட்டனில் பத்து மடங்கு அதிகம். வம்சாவளி ஏறக்குறைய ஒன்றுதான், பெரிய வித்தியாசம் சாப்பாட்டில் இருந்தது. இஸ்ரேலில் பல் முளைக்காத குழந்தை கூட பாம்பா என்ற கடலைப் பொரியை வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டிருக்கும். பிரிட்டன் குழந்தைக்கு முதல் வருஷம் கடலை வாசனையே கிடையாது.

ஒப்பீடு மட்டும் போதாது என்று லேக்கின் குழு நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. லீப் என்று அழைக்கப்படும் அந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த, 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஐந்து வயது வரை கடலையே இல்லை. இன்னொரு பாதிக்கு வாரத்துக்கு 6 கிராம் கடலைப் புரதம், மூன்று வேளையாகவோ அதற்கு மேலாகவோ பிரித்து, ஐந்து வயது வரை விடாமல். முடிவில் கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு மட்டும். அட்டையில் இருக்கும் 80 சதவீதம் இதுதான். பிறகு ஒரு வருஷம் கடலையை நிறுத்திப் பார்த்தபோதும், அதே பிள்ளைகளை வளரிளம் பருவத்தில் மறுபடி அழைத்துச் சோதித்தபோதும் பாதுகாப்பு பெருமளவு நிலைத்திருந்தது. இந்தச் செய்தியை முதன்முதலில் படித்த அன்று மூத்தவளை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். லீப் ஆய்வில் கொடுத்தது ஒரே உணவு. அளவு வாரத்துக்கு 6,000 மில்லிகிராம் புரதம். இந்தப் பாக்கெட்டின் பின்புறம் மொத்தப் புரதம் 500 மில்லிகிராம் என்று இருக்கிறது. எந்த உணவுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போடவில்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன், ஏறக்குறைய சம அளவு என்று பதில் வந்தது. ஒன்பதால் வகுத்தால் ஓர் உணவுக்கு 55 மில்லிகிராம். தினமும் கொடுத்தாலும் வாரத்துக்கு 390 மில்லிகிராம் கூட வராது. லீப் குழந்தைகள் சாப்பிட்டதில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பதினைந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழு அளவின் பலனை அட்டையில் அச்சிடுவது சரியல்ல. படிப்பவர்கள் கவலையோடு இருக்கும் பெற்றோர் என்பதால் இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சின்ன அளவு எப்போதுமே வீண் என்று சொல்ல முடியாது. ஜப்பானில் 2017-இல் வெளியான பெட்டிட் என்ற ஆய்வில், எக்ஸிமா இருந்த குழந்தைகளுக்கு ஆறாவது மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடி தினமும் 50 மில்லிகிராம், ஒன்பதாவது மாதத்திலிருந்து 250 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒரு வயதில் முட்டை அலர்ஜி 38 சதவீதத்துக்குப் பதில் 8 சதவீதமாக இருந்தது. ஆனால் அங்கே ஒரே உணவு, நன்றாக வேகவைத்தது, அளவும் படிப்படியாக ஏறியது. அதோடு எக்ஸிமாவுக்கு விடாத வைத்தியமும் சேர்ந்து நடந்தது. முட்டைக்கு இப்படி நடந்தது என்பதை வைத்து முந்திரிக்கும் மீனுக்கும் 55 மில்லிகிராம் போதும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. இந்தப் பெட்டியிலோ முதல் நாளும் கடைசி நாளும் ஒரே பாக்கெட்தான்.

பிரிட்டனில் ஈட் என்று இன்னோர் ஆய்வு நடந்தது, 2016-இல் வெளியானது. தாய்ப்பால் மட்டும் குடித்து வந்த 1,303 குழந்தைகளில் ஒரு பாதிக்கு மூன்று மாதத்திலிருந்தே பால், கடலை, முட்டை, எள், மீன், கோதுமை என்று ஆறு உணவுகளை ஆரம்பித்தார்கள். எல்லோரையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. சொன்ன அளவை உண்மையிலேயே சாப்பிட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அலர்ஜி 7.3 சதவீதத்திலிருந்து 2.4 சதவீதமாக இறங்கியது. ஆனால் அப்படிக் கடைப்பிடிக்க முடிந்தவர்கள் பாதிப் பேர் கூட இல்லை. ஆறு உணவை வாராவாரம் ஒரு கைக்குழந்தைக்கு ஊட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அந்தச் சிரமத்தைத்தான் இந்தப் பொடி குறைக்கப் பார்க்கிறது. அதனால்தான் யோசனைக்கு மதிப்பெண் கொடுத்தேன். கிழித்தோம், கொட்டினோம், கலக்கினோம், முடிந்தது. பாட்டியிடமும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடமும் விளக்கிச் சொல்வதும் சுலபம். ஆனால் அதே ஈட் ஆய்வில் கடலைக்கும் முட்டைக்கும் பலன் தெரிந்த அளவு வாரத்துக்குச் சுமார் 2 கிராம் புரதம். அதையும் இந்தப் பாக்கெட் எட்டவில்லை.

இப்போது என் மகனுக்கு நடந்தது. அவனுடைய எக்ஸிமா நடுத்தரமானது. குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஆரம்பிக்கலாம் என்று அவர் சொன்ன பிறகே தொடங்கினோம். முதல் சில நாட்கள் ஒன்றுமில்லை. கூழ் வெதுவெதுப்பாக இருந்தால் பொடி கரைகிறது, ஆறிவிட்டால் கரண்டியின் ஓரத்தில் மஞ்சளாகத் திப்பி திப்பியாக ஒட்டிக்கொள்கிறது. மீன் வாசனை லேசாக அடிக்கும். அவன் முகம் சுளிப்பான், ஆனால் விழுங்கிவிடுவான். அப்புறம் ஒரு நாள் காலை, சாப்பிட்டு முடித்துச் சட்டையைக் கழற்றும்போது வயிற்றில் கொசு கடித்தது போல நாலைந்து தடிப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாடையிலும் வந்தது. மூச்சு சீராக இருந்தது, வாந்தி இல்லை, விளையாடிக்கொண்டுதான் இருந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் தடிப்பு வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

அலர்ஜி மருத்துவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன்பதுல எதுக்கு வந்ததுன்னு நான் எப்படிம்மா சொல்றது?" என்றார்.

இந்தப் பொருளின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். பிரச்சினை வராதவரை கலவை வசதி. வந்துவிட்டால் ஒன்பது உணவையும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அப்படி நிறுத்தும் ஒவ்வொரு வாரமும், தடுக்க நினைத்த அலர்ஜிக்கே இடம் கொடுப்பது போல ஆகிவிடுகிறது. ஒவ்வோர் உணவாக, இடைவெளி விட்டு ஆரம்பித்திருந்தால் ஒன்றைத்தான் நிறுத்தியிருப்போம்.

தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். கடலைக்கு ஒன்றுமில்லை. முட்டைக்கும் கோதுமைக்கும் சின்ன வீக்கம். அங்கே மருத்துவர் நிதானமாக விளக்கினார். பரிசோதனையில் வீங்கினால் உடம்பு அந்த உணவை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். சாப்பிட்டால் பிரச்சினை வருமா என்பதைச் சாப்பிட வைத்துத்தான் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கும் இதேதான். பரிசோதனைக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பத்து உணவைத் தட்டிலிருந்து நீக்கிவிடும் குடும்பங்கள் நிறைய உண்டு, குழந்தை மெலிந்துபோகும். எங்களுக்கு மருத்துவமனையிலேயே, ஊசி மருந்தெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, கடுகளவிலிருந்து ஆரம்பித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கோதுமையில் ஒன்றும் ஆகவில்லை. முட்டையில் நாலாவது அளவில் அதே தடிப்பு வந்தது. ஆக, முட்டைதான். இப்போது மாவோடு சேர்த்து நன்றாக வெந்த முட்டையை அவர் சொன்ன அளவில் கொடுத்துவருகிறோம். முட்டை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும் என்பது ஆறுதல். கடலை அலர்ஜி ஐந்தில் ஒருவருக்குத்தான் போகும்.

கடலைக்குப் பொடி வேண்டாம், பீநட் பட்டரே போதும் என்று மருத்துவர் சொன்னார். வழவழப்பானது, சர்க்கரை சேர்க்காதது. இரண்டு தேக்கரண்டியில் ஏறக்குறைய 2 கிராம் புரதம் இருக்கிறது. வாரம் மூன்று முறை கொடுத்தால் லீப் ஆய்வின் 6 கிராம் வந்துவிடும், கணக்கு அவ்வளவுதான். அப்படியே ஊட்டினால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வெந்நீர் விட்டுக் குழைத்து, ஆறவிட்டுக் கொடுக்கிறேன். முதல் முறை கரண்டி நுனியளவு கொடுத்துப் பத்து நிமிஷம் காத்திருந்து, அப்புறம் மீதியை மெதுவாக. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டோம். முழுக் கடலையைச் சின்னக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் கூட வைக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒரு பாட்டில் பீநட் பட்டர் இந்தப் பெட்டியின் விலையில் சிறு பகுதிதான், வருவதோ பல வாரம்.

அக்காவுக்குக் கடலை ஆகாத வீட்டில் தம்பிக்குக் கடலை ஊட்டுவது எப்படி என்று கேட்பீர்கள். அவள் பள்ளிக்குப் போன பிறகுதான் பாட்டிலைத் திறப்பேன். தனிக் கரண்டி, தனிக் கிண்ணம். முடிந்ததும் அவன் முகம், கை, நாற்காலிப் பலகை எல்லாம் சோப்புத் தண்ணீரால் கழுவுவேன். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தைப் போக்காது. இந்த ஓர் இடத்தில் ஒட்டி வரும் பாக்கெட் நல்லது என்று முதலில் நினைத்திருந்தேன், பாட்டில் வீட்டில் திறந்து கிடக்காதே என்று. ஆனால் பாக்கெட்டைக் கிழிக்கும்போது பொடி பறக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் மெல்லிய படலமாகப் படிவது தெரியும்.

அந்தத் தூசு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கும் கையேட்டில் இதைப்பற்றி ஒரு வரி கூட இல்லை. அலர்ஜி ஏன் வருகிறது என்பதற்கு லேக் முன்வைத்த விளக்கம் இது: உணவு வாய் வழியாகக் குடலுக்குப் போனால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது, வெடித்துப் புண்ணான தோல் வழியாக நுழைந்தால் எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. வாசல் வழியாக வருபவரை விருந்தாளியாகப் பார்க்கும் வீடு, சுவரேறிக் குதிப்பவரைத் திருடனாகத்தானே பார்க்கும்? 2003-இல் அவர் குழுவே வெளியிட்ட ஆய்வில், கடலை எண்ணெய் சேர்ந்த கிரீம்களைப் புண்ணான தோலில் தடவிய குழந்தைகளிடம் கடலை அலர்ஜி அதிகமாக இருந்தது. தோலின் மேல் அடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு எக்ஸிமாவும் வருகிறது, கடலை அலர்ஜி வாய்ப்பும் கூடுகிறது. வீட்டுத் தூசியிலேயே கடலைப் புரதம் இருப்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் பிறந்ததிலிருந்தே தோலுக்கு கிரீம் தடவிக்கொண்டே இருந்தால் போதுமா? பிரிட்டனில் பெரிய அளவில் அதையும் முயன்றார்கள். 2020-இல் வந்த முடிவு, தினமும் கிரீம் தடவியதால் எக்ஸிமாவும் குறையவில்லை, உணவு அலர்ஜியும் குறையவில்லை. அடுத்த வருஷம் ஈட் ஆய்வுக் குழந்தைகளின் தரவை அலசியவர்கள், அடிக்கடி கிரீம் தடவப்பட்ட குழந்தைகளிடம் அலர்ஜி அதிகம் காணப்படுகிறது என்றார்கள். தடவும் கையில் ஒட்டியிருக்கும் உணவு தோலுக்குள் போவது ஒரு காரணமாக இருக்கலாம். இது ஒரு தொடர்புதான், உறுதியான முடிவாகவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் சமையல் கையோடு யாரும் அவனுக்கு கிரீம் தடவுவதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டப்பாவில் விரல் விடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்துத் தடவுகிறோம். எக்ஸிமா கிளம்பினால் மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பைப் பயப்படாமல், சொன்ன நாள் வரை போடுகிறோம். பொடியை நிறுத்திய பிறகு மிச்சமான பணம் இதற்குத்தான் போகிறது.

கையேட்டில் இன்னொரு கோபம். கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தைக்கு, கடலை ஆரம்பிக்கும் முன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று 2017 அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் ஆரம்பிப்பது இவர்களுக்குத்தான் அதிகப் பலன் தரும், கவனமும் இவர்களுக்குத்தான் வேண்டும். மிதமான எக்ஸிமா என்றால் ஆறு மாத வாக்கில் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். எக்ஸிமாவே இல்லாத குழந்தைக்கு மற்ற உணவோடு சேர்த்துச் சாதாரணமாகக் கொடுக்கலாம். இவ்வளவு முக்கியமான பிரிவினை மடித்த காகிதத்தின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி தேடும் அளவு எழுத்தில் இருக்கிறது. எச்சரிக்கை அறிகுறிகளில் தடிப்பும் வாந்தியும் இருக்கின்றன. திடீர் இருமல், குரல் மாற்றம், துவண்டு விழுவது ஆகியவை இல்லை. அவை வந்தால் அட்ரினலின் ஊசிதான் மருந்து, அதைத் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போட வேண்டும், அலர்ஜி சிரப் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது என்பதும் இல்லை.

பாக்கெட்டின் ஒட்டும் தரம் நன்றாக இருக்கிறது. காலாவதித் தேதி தெளிவாகத் தெரிகிறது. அனுப்பியதும் சீக்கிரம் வந்து சேர்ந்தது.

யார் வாங்கலாம் என்றால், எக்ஸிமா இல்லாத குழந்தை, ஒவ்வோர் உணவையும் ஏற்கெனவே தனித்தனியாகச் சாப்பிட்டுப் பார்த்துப் பிரச்சினை வராத குழந்தை, பெற்றோருக்குப் பயணம் அதிகம் அல்லது வேலை நேரம் சரிப்படவில்லை, அவர்களுக்கு இடையில் விட்டுப்போகாமல் இருக்க இது உதவலாம். வழக்கமான சாப்பாட்டோடு கூட, அதற்குப் பதிலாக அல்ல. முதல் அறிமுகத்துக்கே இதை வாங்க வேண்டாம் என்பேன்.

நிறுவனத்துக்கு இரண்டாவது முறையும் எழுதினேன். ஒவ்வோர் உணவின் புரத அளவையும் தனியாக அச்சிடுங்கள், முன்பக்கத்தில் இருக்கும் 80 சதவீதம் எந்த உணவுக்கு, எந்த அளவுக்கு என்று பக்கத்திலேயே போடுங்கள், எக்ஸிமா எச்சரிக்கையை வெளி அட்டைக்குக் கொண்டுவாருங்கள் என்று. குழுவிடம் தெரிவிக்கிறோம் என்று பதில் வந்தது. புதிய அட்டை வந்தால் அதைப் பார்த்துவிட்டு இந்த விமர்சனத்தைத் திருத்துகிறேன்.